அமைச்சர் கையெழுத்துப் போட்டா வேலை வந்துடுதா? நம்ம மாநிலக் கணக்கை உட்கார்ந்து பேசுவோம்

கோவை_லேத்:

வணக்கமுங்க. போன மாசம் எங்க பட்டறையில இருந்து ஒரு டர்னர் நின்னுட்டாருங்க. பதினாலு வருசம் எங்கூட இருந்தவர். பம்ப் ஷாஃப்ட்டைக் கையில வாங்கி விரலால ஒரு தடவு தடவினாலே எங்க மேடு நிக்குதுன்னு சொல்லிடுவார். ஓசூர்ல ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டுச்சு, போயிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்க பிஎஃப், இஎஸ்ஐ, கேன்டீன் எல்லாம் இருக்கு. நானேதான் பஸ் ஏத்தி விட்டேன்.

அன்னிக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வரலைங்க. அவர் போய்ச் சேர்ந்த எடம் அரசாங்கக் கணக்குல 'புதுசா உருவான வேலை'. இங்க ஒரு லேத் தார்ப்பாய் மூடி நிக்குது, அது எந்தக் கணக்குலயும் இல்லை. அப்ப நெசமா எத்தனை வேலை புதுசா வந்துச்சு?

மாநில அரசு நடத்தற உலக முதலீட்டாளர் மாநாட்டைத்தான் சொல்றேன். 2015 மாநாட்டுல 98 ஒப்பந்தம், 2.42 லட்சம் கோடி முதலீடுன்னாங்க. 2019ல 304 ஒப்பந்தம், 3 லட்சம் கோடி, பத்தரை லட்சம் வேலைன்னாங்க. 2024 ஜனவரியில 631 ஒப்பந்தம், 6.64 லட்சம் கோடி, நேரடியும் மறைமுகமுமாச் சேர்த்து 26.9 லட்சம் வேலை. ரெண்டு கட்சியும் இதைத்தான் செஞ்சிருக்காங்க. அதனால எந்தக் கட்சி நல்ல கட்சிங்கிற பேச்சு இங்க வேண்டாமுங்க. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: மாநிலத்தை ஆளுறவங்க செய்யற எதனால வேலை வருது, எதனால வர்றதில்லை? அவங்கவங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க.

---

பொருளியல்_மாணவி:

அண்ணா, நீங்கள் கேட்டதுதான் இந்த விஷயத்தின் மையக் கேள்வி. அரசு எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் அந்த வேலை வந்திருக்குமா, வராதா என்பதைத்தான் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பார்கள். அமெரிக்காவில் மாநிலங்கள் நிறுவனங்களுக்குத் தரும் சலுகைகளை டிமத்தி பார்ட்டிக் என்ற பொருளியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். சலுகை வாங்கிய நிறுவனங்களில், சலுகை கிடைத்ததால் மட்டுமே அந்த இடத்துக்கு வந்தவை நூற்றுக்கு 2 முதல் 25 வரைதான் என்பது அவர் 2018இல் தந்த மதிப்பீடு. மீதி எல்லாம் எப்படியும் வந்திருக்கும், சலுகையும் கூடவே கிடைத்தது.

அங்கே விஸ்கான்சின் மாநிலத்தில் 2017இல் நடந்தது எல்லோருக்கும் பாடம். ஃபாக்ஸ்கான் 13,000 வேலை தருவதாகச் சொன்னது, மாநிலம் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. ஒரு வேலைக்கு 2.3 லட்சம் டாலர் வருகிறது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது அந்த 13,000 வெறும் 1,454 ஆகிவிட்டது. வேலை வராததால் சலுகையையும் பெரும்பாலும் தரவில்லை. ஆனால் சாலைக்கும் நிலத்துக்கும் உள்ளூர் நிர்வாகங்கள் போட்ட பணம் போட்டதுதான். கான்சாஸ் மாநிலம் 2012இல் வருமான வரியை வெட்டினால் வேலை பெருகும் என்றது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவே பணம் தட்டுப்பட்டு, 2017இல் அவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

நம் கணக்குக்கு வருகிறேன். 2024 மாநாட்டின் 26.9 லட்சத்தில் நேரடி வேலை என்று சொன்னது 14.54 லட்சம். முதலீட்டை அதால் வகுத்தால் ஒரு வேலைக்கு 45 லட்சம் ரூபாய்க்கு மேல். இது சராசரிதான். தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்குச் சொன்னது 16,000 கோடி, வேலை 3,000 முதல் 3,500. ஒரு வேலைக்கு நாலரைக் கோடிக்குக் குறையாது. செருப்பு, ஷூ, ஆடை மாதிரித் தொழில்களில் இதில் சின்னப் பங்கு போட்டாலே அதே அளவு வேலை வரும். எனவே கோடிகளை வைத்து வேலையை அளந்தால் தப்பான விடைதான் கிடைக்கும்.

---

ஓய்வு_மின்வாரியம்:

தம்பி, தங்கை இருவருக்கும் வணக்கம். நான் 34 ஆண்டு மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மாணவி சொன்ன கணக்கு சரி. ஆனால் சலுகையும் வரிக்குறைப்பும்தான் அரசின் பொருளாதாரக் கொள்கை என்று எடுத்துக்கொண்டால் நம் மாநிலத்தின் கதை பாதிதான் தெரியும்.

கோவைத் தம்பி, உங்கள் ஊரில் பஞ்சாலைகள் எப்படிப் பெருகின? பருத்தி விளைந்தது, தண்ணீர் சுவை என்பார்கள், உழைப்பாளி மக்கள் என்பார்கள். அவையெல்லாம் 1932க்கு முன்னாலும் இருந்தன. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சென்னை மாகாண அரசு கட்டியது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையில் வரிசையாக ஆலைகள் எழுந்தன. ஆலைக்கு எந்திரம் பழுதுபார்க்கப் பட்டறை வந்தது, பட்டறையிலிருந்து மோட்டார் வந்தது, மோட்டாரிலிருந்து பம்ப் வந்தது. உங்கள் லேத்தும் அந்த வரிசையில் வந்ததுதான். 'இத்தனை லட்சம் வேலை தருவோம்' என்று யாரும் அன்று மேடையில் சொல்லவில்லை. கம்பி இழுத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து காமராசர் காலம், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். 1958இல் கிண்டி தொழிற்பேட்டை, 1964இல் அம்பத்தூர். அங்கே அரசு செய்தது என்ன என்று கவனியுங்கள். கைக்காசு குறைந்த சின்னத் தொழில்முனைவோருக்குக் கூரை போட்ட கூடம், மின் இணைப்பு, தண்ணீர், சாலை எல்லாவற்றையும் தயாராக வைத்துக் கொடுத்தது. அம்பத்தூரில் உருவான உதிரிபாகக் கூட்டம்தான் முப்பது ஆண்டு கழித்துப் பெரிய கார் கம்பெனிகளை இழுத்தது. 1995இல் ஃபோர்டு மறைமலைநகரைத் தேர்ந்தெடுத்தது, 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. முன்னது ஜெயலலிதா ஆட்சி, பின்னது கருணாநிதி ஆட்சி. ஆள் மாறியும் கோப்பு நிற்கவில்லை. வரிச்சலுகை கொடுத்தார்கள், உண்மை. அதே சலுகையை மற்ற மாநிலமும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது. துறைமுகமும், அசோக் லேலண்டு காலத்திலிருந்தே பழகிய கைகளும், அம்பத்தூர்ப் பட்டறைகளும் மற்ற இடத்தில் இல்லை.

ஓசூரையும் பாருங்கள். 1970களில் சிப்காட், அதாவது தொழிற்பேட்டை அமைக்கும் மாநில அரசு நிறுவனம், அங்கே நிலம் எடுத்தபோது அது வறண்ட எல்லையூர். பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் போட்ட திட்டம். புவியியல் பாதி, அரசு பாதி.

---

சுங்குவார்சத்திரம்_ஷிப்ட்:

அய்யா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எங்க அப்பா கூலி வேலை. நான் பன்னெண்டாவது முடிச்சிட்டு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வந்தவ. கம்பெனி பேர் வேணாம்.

காலைல ஷிப்டுன்னா நாலு மணிக்கு எழுந்தாகணும். 4.40க்கு கம்பெனி பஸ். ஏறின உடனே லைட்டை அணைச்சிடுவாரு டிரைவர் அண்ணன், எல்லாரும் தூங்கிட்டே போவோம். லைன்ல நின்னுட்டே வேலை. என் வேலை சின்ன ஸ்க்ரூ, ஒரு போர்டுக்கு நாலு. மாசம் கைக்கு வர்ற சம்பளத்துல வீட்டுக்குப் பாதி அனுப்பறேன். தங்கச்சி நர்சிங் படிக்கிறா, அது இந்தப் பணத்துல. ஊர்ல இருந்திருந்தா எனக்கு இந்நேரம் கல்யாணம் பண்ணி வச்சிருப்பாங்க. அதனால வேலை பொய்யின்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா இதையும் எழுதணும். நான் கம்பெனி ஆள் கிடையாது, கான்ட்ராக்ட். பதினோரு மாசம் முடிஞ்சா ஒரு பிரேக், அப்புறம் வேற கான்ட்ராக்டர் பேர்ல புது அட்டை. மூணு வருசத்துல மூணு அட்டை மாறியிருக்கு. நின்ன எடம் அதே லைன், அதே ஸ்க்ரூ. போன வருசம் ஆர்டர் கம்மியானப்ப ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், 'திங்கள் வரவேணாம், கூப்பிடறோம்'னு மெசேஜ். ரெண்டு மாசம் கூப்பிடலை. ஹாஸ்டல் காசு மட்டும் கொடுத்தாகணும்.

மாநாட்டுல சொன்ன எண்ணுல நான் ஒரு ஆளா, மூணு ஆளா?

---

பிஎஃப்_கணக்கு:

தங்கச்சி கேள்விக்கு என் தொழில்முறையில் பதில் சொல்ல முடியும். நான் இருபது கம்பெனிகளுக்குப் பிஎஃப், இஎஸ்ஐ ரிட்டர்ன் போடுகிறவன்.

அட்டை மூன்றானாலும் உங்கள் யூஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண், ஒன்றுதான் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் மத்திய அரசு மாதாமாதம் வெளியிடும் பிஎஃப் எண்ணிக்கையில் நீங்கள் ஒரே ஒரு தடவைதான் புதுச் சந்தாதாரர். விட்டுப்போய்த் திரும்பி வந்தால் 'மீண்டும் சேர்ந்தவர்' என்று தனியாக வரும். தயவுசெய்து மூன்று அட்டைக்கும் ஒரே யூஏஎன்தானா என்று இன்றைக்கே பாருங்கள். வேறு வேறாக இருந்தால் உங்கள் பணம் சிதறிக் கிடக்கும், ஒன்றாக மாற்ற விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேர் உள்ள நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். 19 பேர் உள்ள பட்டறை ஒரே ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தால் அந்த மாதம் இருபது பேரும் பட்டியலுக்குள் வருகிறார்கள். அவர்களில் பலர் அதே இடத்தில் பத்து வருடமாக வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். உண்மையில் கூடியது ஒரு வேலை, எண்ணிக்கை சொல்வது அதைவிடப் பல மடங்கு. இப்படிப் பட்டியலுக்குள் வருவதும் நல்லதுதான், அந்த இருபது பேருக்கும் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதை 'வேலை உருவாக்கம்' என்று மேடையில் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த எண்ணைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நாடு முழுக்கவே தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை எத்தனை என்று கேட்கும்போதே எப்படிப்பட்ட வேலை என்றும் கேட்டாக வேண்டும்.

---

செய்யாறு_மண்:

எல்லாரும் வேலை வந்ததைப் பேசறீங்க. போன வேலையைப் பத்தி ஒருத்தராவது பேசணும்ல.

எங்க பக்கம் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல நிலம் எடுக்க அறிவிச்சாங்க. எதிர்த்து உட்கார்ந்த விவசாயிங்கள்ல 7 பேர் மேல 2023 நவம்பர்ல குண்டர் சட்டம் போட்டாங்க. ஊரே கொதிச்சுது, பிறகு திரும்ப வாங்கினாங்க. நெல், கரும்பு, மணிலான்னு நாங்க சொல்ற வேர்க்கடலை விளையற பூமி அது.

நிலம் வச்சிருக்கவனுக்கு விலை கிடைக்கும், குறைஞ்சாலும் கிடைக்கும். நடவு நடறவங்க, களை எடுக்கறவங்க, மணிலா ஆயறவங்க? அவங்க பேர்ல பட்டா இல்லை. 1997ல கொண்டுவந்த தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் இருக்கு. மத்திய அரசோட 2013 சட்டத்துல இருக்கிற சமூகத் தாக்க மதிப்பீடு அதுல கிடையாது. அதாவது இந்த நிலத்துல எத்தனை பேர் பிழைக்கிறாங்கன்னு எண்ணவே வேண்டியதில்லை. வர்ற வேலையை லட்சத்துல சொல்றவங்க போற வேலையை ஒரு தடவையாவது எண்ணியிருக்காங்களா?

நிலம் எடுத்தாப் போதும், கம்பெனி தானா வரும்னு நெனைக்கவும் முடியாது. நாங்குநேரியைப் பாருங்க. சிறப்புப் பொருளாதார மண்டலம்னு எடுத்த நிலம் பல வருசம் பெரும்பகுதி காலியாவே கிடந்துது.

சுங்குவார்சத்திரம் தங்கச்சி, உங்களை நான் குறை சொல்லலை. எங்க ஊர்ப் பொண்ணுங்களும் செய்யாறு ஷூ கம்பெனி பஸ்சுல போறாங்க. என் அக்கா பொண்ணும் போறா. அவ சம்பாத்தியத்துல வீடு நிக்குது. அதான் எனக்குச் சொல்லத் தெரியாத வேதனை. நிலமும் போகக்கூடாது, அவ வேலையும் போகக்கூடாது.

---

நெறியாளர்:

கட்சிப் பெயரை வைத்து வசை எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றவர்கள் தொடருங்கள்.

---

திருப்பூர்_பவர்டேபிள்:

நான் பத்து மெஷின் போட்டு ஜாப்வொர்க் எடுக்கறவனுங்க. ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர். எங்க ஊரைப் பத்தி நாலு வார்த்தை.

திருப்பூரை எந்த அரசாங்கமும் உண்டாக்கலை. விவசாயம் பொய்ச்சுப்போய் வந்தவங்க, மெஷின்ல உட்கார்ந்து மொதலாளி ஆனவங்க, அவங்க உண்டாக்கின ஊரு. ஆனா அரசாங்கம் நெனைச்சா ஊரை நிறுத்திப்போட முடியும், தூக்கியும் விட முடியும். ரெண்டையும் பார்த்துட்டோம்.

நொய்யல் செத்துப்போச்சு, ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணி மாடுகூடக் குடிக்க முடியாதபடி ஆச்சு. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறை அத்தனையையும் மூடச் சொல்லிருச்சு. அந்த மாசங்களை நான் மறக்க மாட்டேன். சாயம் இல்லைன்னா துணி இல்லை, துணி இல்லைன்னா தையல் இல்லை. எங்க சந்துல வரிசையா ஷட்டர் இறங்கிக் கெடந்துச்சு. வாடகைக்கு இருந்த குடும்பங்க பாத்திரம் பண்டத்தை மினி ஆட்டோவுல ஏத்திட்டு ஊருக்குப் போச்சு. அந்த வேலையிழப்புக்கு யார் காரணம்? கோர்ட்டுன்னு அன்னிக்குச் சொன்னோம். இப்ப யோசிச்சா, இருபது வருசம் கழிவுநீரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த ஆட்சிங்க அத்தனையும் காரணம், நாங்களும் காரணம். அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்துச்சு. ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடாத முறைக்கு மாறினோம். இப்ப வெளிநாட்டு பையர் அதைக் கேட்டுத்தான் ஆர்டர் தர்றான். கண்டிப்பா இருந்ததே கடைசியில வேலையைக் காப்பாத்துச்சு.

அதுக்கு முன்னாலயே பவானியில இருந்து ஊருக்குத் தண்ணி கொண்டுவந்த திட்டம் ஒண்ணு, மாநில அரசும் சேர்ந்த கம்பெனி செஞ்சது. லாரித் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டுக் கெடந்த எங்களுக்கு அது சாமி மாதிரி.

ஆனா 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப? முதல்வர் டெல்லிக்கு லெட்டர் எழுதினார். வேற என்ன செய்ய முடியும்? வரி, டாலர் விலை, பஞ்சு இறக்குமதி எதுவும் சென்னையில முடிவாகறதில்லை. எங்க டேபிள்ல வேலை இருக்கா இல்லையாங்கிறது பாதி நாள் வாஷிங்டன்லயும் டெல்லியிலயும்தான் முடிவாகுது.

---

பொருளியல்_மாணவி:

திருப்பூர் அண்ணா தொட்ட இடத்திலிருந்தே தொடர்கிறேன். யார் காரணம் என்பதைப் பிரிப்பது மிகக் கடினம். நம் மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி 2020–21இல் 166 கோடி டாலர், 2024–25இல் 1,465 கோடி டாலர். நாலே ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. மாநில அரசு 'எங்கள் சாதனை' என்கிறது. மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் காரணம் என்கிறது. உண்மையில் சீனாவுக்கு வெளியே ஆலை வேண்டும் என்று ஆப்பிள் எடுத்த முடிவுதான் முதல் காரணம். ஆனால் ஊக்கத்தொகை எல்லா மாநிலத்துக்கும் பொதுவானது. அத்தனை மாநிலங்களில் இத்தனை வேலை இங்கே ஏன் வந்து விழுந்தது என்பதில்தான் மாநிலத்தின் பங்கு தெரிகிறது.

என் மனதில் படும் பதில், நாட்டிலுள்ள தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் பத்தில் நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது. மக்கள்தொகையில் நாம் 6 சதவீதம்தான். சுங்குவார்சத்திரம் அக்கா பன்னிரண்டாவது முடித்தார், ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கினார், விடியற்காலை பஸ் ஏறுகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் பழைய கொள்கை ஒன்று இருக்கிறது. காமராசர் 1956இல் தொடங்கி எம்.ஜி.ஆர் 1982இல் பெருக்கிய பள்ளிச் சாப்பாடு, ஊர் ஊருக்கு அரசுப் பேருந்து, 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 706 கோடி செலவில் சிப்காட் திறந்தது. என் பார்வையில் இந்த விடுதிதான் உண்மையான தொழில் கொள்கை. கம்பெனி போய்விட்டாலும் கட்டிடம் நிற்கும், அடுத்த கம்பெனிக்கு வருகிறவர்களும் அங்கே தங்கலாம்.

---

ஓய்வு_மின்வாரியம்:

நோக்கியாவை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்தேன். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி, உச்சத்தில் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த ஆலை. வருமான வரித்துறை ஒரு பக்கம், மாநில வணிகவரித்துறை சுமார் 2,400 கோடி கேட்டு இன்னொரு பக்கம். மைக்ரோசாஃப்ட் உலகளவில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது, வழக்கில் முடங்கிய இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. மத்திய அரசோடு மாநில அரசுக்கும் அதில் பங்குண்டு. சலுகை கொடுத்து அழைத்த அதே அரசின் இன்னொரு துறை கதவைப் பூட்ட உதவியது.

ஆனால் சாலையும் மின்பாதையும் பழகிய கைகளும் அங்கேயே இருந்தன. சில ஆண்டுகள் கழித்து சார்ஜர் செய்யும் சால்காம்ப் அதே கட்டிடத்தை எடுத்தது. சுற்றுவட்டாரமே மீண்டும் நிரம்பியது. அடித்தளம் இருந்தால் ஒரு நிறுவனம் போவது முடிவல்ல.

---

சுங்குவார்சத்திரம்_ஷிப்ட்:

அய்யா, தப்பா நினைக்காதீங்க. கட்டிடம் திரும்ப நிரம்பிச்சு. அன்னிக்கு வெளிய போனவங்க திரும்ப வரலை. எங்க ஹாஸ்டல் பக்கத்துல இட்லிக்கடை வச்சிருக்கற அக்கா அந்தக் காலத்துல ஒரு போன் பார்ட்ஸ் கம்பெனியில லைன் லீடர். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல லைனுக்கு எடுக்க மாட்டோம்னு நாலு எடத்துல சொல்லிட்டாங்களாம். ஏரியாவுக்கு வேலை திரும்ப வந்துச்சு, அந்த அக்காவுக்கு வரலை.

2024ல சாம்சங்ல 37 நாள் ஸ்ட்ரைக் நடந்துது. கேட்டது என்ன? சங்கத்தைப் பதிவு பண்ணுங்க, உட்கார்ந்து பேசுங்க, சம்பளத்தைக் கூட்டுங்க. சங்கத்தைப் பதிவு பண்றது மாநில அரசு கையில இருக்கிற வேலைதான். அதுக்கு டாலரும் வேணாம், டெல்லியும் வேணாம். அப்படியும் கோர்ட்டு வரைக்கும் போய் அடுத்த வருசம் ஜனவரியிலதான் நடந்துது. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்குச் சட்டம் நிறைவேத்தினாங்க. எல்லாரும் எதிர்த்ததும் மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. அதுவும் மாநில அரசு செஞ்சதுதான். வேலையைக் கொண்டு வர்றது அவங்க கையில பாதி இருக்கோ கால் இருக்கோ எனக்குத் தெரியாது. வந்த வேலை எப்படி இருக்கணும்கிறது அவங்க கையில நிறையவே இருக்கு.

---

கோவை_லேத்:

அம்மணி, இந்த இழையிலயே உங்க பதிவுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சதுங்க. என் டர்னர் ஏன் போனார்னும் இப்ப நல்லாவே புரியுது. அங்க பிஎஃப் இருந்துச்சு, எங்கிட்ட இல்லை. பதினொரு பேர் இருக்கற பட்டறை, சட்டப்படி கட்டாயமில்லைன்னு நானும் விட்டுட்டேன். அடுத்த மாசம் தன்விருப்பமாச் சேரலாம்னு பார்க்கறேன். பிஎஃப் அண்ணன் கொஞ்சம் வழி சொல்லுங்க.

மின்வாரிய அய்யாவுக்கும் ஒண்ணு சொல்லணும். பைக்காரா கதை எங்க தாத்தா காலத்துது, ஒத்துக்கறேன். 2012ல நாங்க பட்டது என்ன? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் டீசல் ஊத்தியே வார்ப்படக் கடைங்க மூடினாங்க. அந்த ரெண்டு வருசத்துல போன வேலை எந்த மாநாட்டுலயும் கழிக்கப்படலை. அப்புறம் கரண்ட் சரியானதுக்கும் மாநிலம் மட்டும் காரணமில்லை. 2013 கடைசியில தென் மாநிலங்களோட மின்கட்டமைப்பை (கிரிட்) நாட்டு கிரிட்டோட சேர்த்தாங்க, வெளி மாநில மின்சாரம் வர வழி பொறந்துச்சு. இப்ப கரண்ட் இருக்கு, பில்லுதான் கொல்லுது. 2022 செப்டம்பர்ல கிலோவாட்டுக்கு 35 ரூபாயா இருந்த நிலைக்கட்டணம் எனக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஏறிச்சு. மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கட்டணும். தார்ப்பாய் மூடி நிக்கற அந்த லேத்துக்கும் சேர்த்துத்தான் கட்டிட்டிருக்கேன். பெரிய கம்பெனிக்கு ஜிஎஸ்டி திரும்பத் தர்றோம், மூலதன மானியம் தர்றோம்னு பேக்கேஜ் போடறாங்க. எங்களுக்கு அந்த மேசையில நாற்காலி கிடையாது.

---

ஓய்வு_மின்வாரியம்:

2012ஐ மறுக்க என்னால் முடியாது, தம்பி. தேவை ஏறுவது பல ஆண்டு முன்பே எங்கள் கோப்புகளில் இருந்தது. உற்பத்தி நிலையங்கள் காலத்தில் முடியவில்லை. மின் நிலையம் கட்டப் பத்து ஆண்டாகும், ஆட்சி ஐந்து ஆண்டு. அதை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் சுடுகிறது.

---

பிஎஃப்_கணக்கு:

கோவை அண்ணே, 20 பேருக்குக் குறைவாக இருந்தாலும் முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பாலானோரும் சம்மதித்தால் பிஎஃப்பில் சேரலாம். தனிச்செய்தியில் எழுதுகிறேன். பத்துப் பேரைத் தாண்டியதால் இஎஸ்ஐ உங்களுக்குக் கட்டாயமாகவே வரும், அதை உடனே பாருங்கள்.

நாம் எல்லோரும் கேட்பது கடைசியில் ஒன்றுதான்: சொன்ன வேலை வந்ததா, யாருக்கு வந்தது, நின்றதா? இதைக் கேட்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி சிப்காட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கும் தொழில் துறைக்கும் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனித்தனி நிறுவனத்தின் சலுகை விவரம் கேட்டால் 8(1)(டி) பிரிவைக் காட்டி வணிக ரகசியம் என்று மறுக்கலாம். அதனால் தொழிற்பேட்டை வாரியாகக் கூட்டுத்தொகை கேட்போம். என் வரைவு:

'2015, 2019, 2024 மாநாடுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களில், உற்பத்தி தொடங்கியவை எத்தனை; ஒப்பந்தத்தில் சொன்ன வேலை எத்தனை; இன்று அந்த ஆலைகளின் பதிவேட்டில் உள்ள தொழிலாளர் எத்தனை; திருப்பித் தந்த ஜிஎஸ்டியும் மூலதன மானியமும் மொத்தம் எவ்வளவு. மாவட்டம், தொழிற்பேட்டை வாரியாகத் தருக.'

குறை இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

---

செய்யாறு_மண்:

ஒரு வரி சேருங்க அண்ணே. 'ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் எடுத்த நிலத்துல, எடுக்கும்போது சாகுபடியில இருந்தது எத்தனை ஏக்கர், இன்னிக்கு ஒதுக்காம காலியா இருக்கறது எத்தனை ஏக்கர்.' எங்க தாலுகாவுக்கு நான் தனியா ஒண்ணு அனுப்பறேன்.

---

பொருளியல்_மாணவி:

'இன்று' என்று மட்டும் போட்டால் ஒரு நாள் எண்ணிக்கைதான் வரும். 'ஒவ்வொரு நிதியாண்டின் மார்ச் 31 அன்று' என்று போடுங்கள். வேலை ஏறி இறங்குவது அப்போதுதான் தெரியும். பதில் வந்தால் அட்டவணை போடும் வேலை என்னுடையது.

---

சுங்குவார்சத்திரம்_ஷிப்ட்:

அண்ணா, தொழிலாளர் எத்தனைங்கற எடத்துல நிரந்தரம் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, அதுல பெண்கள் எத்தனைன்னு பிரிச்சுக் கேளுங்க. ஒரே எடத்துல ஒரு வருசத்துக்கு மேல இருக்கறவங்க எத்தனைன்னும் கேளுங்க.

என் யூஏஎன் பார்த்தேன். ரெண்டு இருக்கு. முதல் அட்டையோட பணம் தனியா கிடக்குது. எப்படிச் சேர்க்கறதுன்னு சொல்லுங்க, நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்ட், காலைல நேரம் இருக்கு.